“லோ ஸே”, “லா கொனோஸ்கோ”: ஸ்பானிஷில் ‘தெரியும்’ என்று சொல்லப் பழகுவது எப்படி?

ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கும் தமிழர்களுக்குச் சீக்கிரமே பிடித்துப்போகும் ஒரு வாக்கியம் “மெ குஸ்தா”. எனக்குப் பிடிக்கும் என்று பொருள். நாம் ‘எனக்கு’ என்கிற இடத்தில் அவர்கள் ‘மெ’ என்கிறார்கள். வாக்கியத்தின் அமைப்பும் ஏறக்குறைய நம்முடையதேதான். நம்பிக்கை வந்துவிடுகிறது. அடுத்ததாக ‘எனக்குத் தெரியும்’ என்று சொல்ல வேண்டிவரும்போது, அதே அச்சில் வார்த்து “மெ ஸாபெ” என்று சொல்லிவிடுகிறோம். எதிரில் இருப்பவர் முகத்தில் குழப்பம். ஏனென்றால் “மெ ஸாபெ அ லிமோன்” என்றால் ‘எனக்கு இது எலுமிச்சை மாதிரி ருசிக்கிறது’ என்று அர்த்தம். சரி, வேறு வினையைப் போட்டுப் பார்ப்போம் என்று “மெ கொனோஸெ” என்றால், ‘அவருக்கு என்னைத் தெரியும்’ என்று ஆகிவிடும். சொல்ல வந்ததற்கு நேர் எதிர்.

ஸபேர், கொனோஸேர் என்ற இரண்டு ‘தெரியும்’ வினைகளோடு லோ, லா, மெ, தெ போன்ற குட்டிச் சொற்களை எங்கே, எப்படிச் சேர்ப்பது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். ஒன்றை மட்டும் இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள்: தெரிந்த ஆள் வினையின் விகுதிக்குள் இருக்கிறார், குட்டிச் சொல் தெரிந்துகொள்ளப்பட்ட பொருளுக்கோ ஆளுக்கோ மட்டும்தான். மற்ற எல்லாம் இதிலிருந்தே கிளைக்கிறது.

உச்சரிப்பை இங்கே லத்தீன் அமெரிக்க வழக்கப்படி எழுதியிருக்கிறேன். ஸ்பெயினின் பெரும்பகுதியில் ‘கொனோஸேர்’ என்பது ‘கொனோதேர்’ என்று காதில் விழும். வினை ஒன்றுதான்.

முதல் படி: ‘எனக்குத் தெரியும்’ என்பதை ‘நான் அறிவேன்’ என்று மாற்றுங்கள்

நம் பேச்சில் ‘அறிவேன்’ அதிகம் வருவதில்லை. ஆனால் ஸ்பானிஷ் படிக்கும்போது அதைப் போல உதவும் சொல் வேறில்லை. ‘எனக்கு அது தெரியும்’ என்பதில் தெரிந்த ஆள் நான்காம் வேற்றுமையில், ‘எனக்கு’ என்று நிற்கிறார். ‘நான் அதை அறிவேன்’ என்பதில் அவர் எழுவாயாகிவிடுகிறார். ‘நான்’ என்பதைத் தூக்கிவிட்டு ‘அதை அறிவேன்’ என்று மட்டும் சொன்னாலும், ‘ஏன்’ விகுதி ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். அறியப்பட்டது ‘அதை’ என்று இரண்டாம் வேற்றுமையில் வினைக்கு முன்னால் நிற்கிறது.

ஸ்பானிஷும் அப்படியே. “லோ ஸே”: லோ என்றால் அதை, ஸே என்றால் அறிவேன். “லா கொனோஸ்கோ”: அவளை அறிவேன். சொல்வரிசைகூட நம்முடையதே. ஆங்கில வழியில் ஸ்பானிஷ் படிப்பவர்கள் ‘அதை’ என்ற சொல்லை வினைக்கு முன்னால் கொண்டுவரத் திணறுவார்கள். நமக்கு அந்தச் சிரமம் கிடையாது. ஆகவே ஆங்கிலத்தில் யோசித்து ஸ்பானிஷுக்குப் போகாதீர்கள், தமிழிலிருந்து நேராகப் போங்கள்.

விகுதிகளை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். ஸபேர் என்பதற்கு: ஸே (நான்), ஸாபெஸ் (நீ), ஸாபெ (அவர், நீங்கள் ஒருவர்), ஸபேமோஸ் (நாங்கள்), ஸாபென் (அவர்கள், நீங்கள் பலர்). கொனோஸேர் என்பதற்கு: கொனோஸ்கோ, கொனோஸெஸ், கொனோஸெ, கொனோஸேமோஸ், கொனோஸென். இரண்டிலும் ‘நான்’ வடிவம்தான் விதியை மீறி நடக்கிறது. மற்றவை ஒழுங்கானவை.

இரண்டாம் படி: எந்தத் ‘தெரியும்’?

தமிழில் விடை தெரியும், நீந்தத் தெரியும், மரீயாவைத் தெரியும் என்று எல்லாவற்றுக்கும் ஒரே சொல் போதும். ஸ்பானிஷில் முதல் இரண்டுக்கும் ஸபேர், மூன்றாவதற்குக் கொனோஸேர். தகவல், உண்மை, செய்முறை என்றால் ஸபேர். பழக்கம், அறிமுகம் என்றால் கொனோஸேர். ஆட்களுக்கு எப்போதும் கொனோஸேர்தான். ஊர்களுக்கும் அப்படியே. “நோ கொனோஸ்கோ கிரனாதா” என்று ஒருவர் சொன்னால், கிரனாதா என்ற பெயரையே கேள்விப்படாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஊருக்குப் போனதில்லை என்கிறார், அவ்வளவுதான்.

ஆள் பெயரை நேராகச் சொன்னால் அதற்கு முன்னால் ஒரு ‘அ’ சேர வேண்டும்: “கொனோஸ்கோ அ மரீயா”. நம் ‘மரீயாவை’ என்பதில் உள்ள ஐ உருபின் வேலையை அது செய்கிறது. ஊருக்கு அந்த ‘அ’ தேவையில்லை. பெயர் போய் லோ, லா வந்துவிட்டால் இந்த வித்தியாசமும் போய்விடும். மரீயாவுக்கும் “லா கொனோஸ்கோ”, கிரனாதாவுக்கும் “லா கொனோஸ்கோ”.

மூன்றாம் படி: லோவா, லாவா?

கொனோஸேரோடு வரும்போது பால் பார்க்க வேண்டும். ஆண் என்றால் லோ, பெண் என்றால் லா, பலர் என்றால் லோஸ் அல்லது லாஸ். என்னை என்பதற்கு மெ, உன்னை என்பதற்குத் தெ, எங்களை என்பதற்கு நோஸ். உயிரற்ற பொருள்களுக்கும் இலக்கணப் பால் உண்டு. அருங்காட்சியகம் (முஸேயோ) ஆண்பால், ஆகவே மாட்ரிடில் 1819 முதல் இயங்கிவரும் பிராதோ அருங்காட்சியகத்தைப் பற்றிக் கேட்டால் “லோ கொனோஸ்கோ”. கிரனாதாவில் உள்ள அல்ஹம்ப்ரா அரண்மனை பெண்பால், அதற்கு “லா கொனோஸ்கோ”.

நமக்கு இடறும் இடம் ‘அவரை’, ‘உங்களை’ என்ற மரியாதைச் சொற்கள். தமிழில் ‘உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி’ என்று யாரிடமும் சொல்லலாம். எதிரில் நிற்பவர் ஆணா பெண்ணா என்பது வாக்கியத்தில் தெரியாது. ஸ்பானிஷில் தெரிந்தாக வேண்டும். பெரியவர் ஒருவரிடம் “முச்சோ குஸ்தோ என் கொனோஸேர்லோ”. ஓர் அம்மையாரிடம் “முச்சோ குஸ்தோ என் கொனோஸேர்லா”. கைகுலுக்குவதற்கு முன்பே முடிவுசெய்துகொள்ளுங்கள். பதற்றமாக இருந்தால் வெறும் “முச்சோ குஸ்தோ” போதும், அதுவே முழு மரியாதையான வாழ்த்து.

ஸபேரோடு வரும் ‘லோ’ பெரும்பாலும் வேறு வகை. அது ஆணையும் குறிப்பதில்லை, பெண்ணையும் குறிப்பதில்லை. ஒரு முழுச் செய்தியைக் குறிக்கிறது. ‘மரீயா ஊருக்குப் போய்விட்டாள்’ என்று ஒருவர் சொல்ல, ‘தெரியும்’ என்று நீங்கள் பதில் சொன்னால், அது “லோ ஸே”. செய்தி ஒரு பெண்ணைப் பற்றியது என்பதால் “லா ஸே” ஆகாது. ஆனால் தெரிந்தது ஒரு பெயர்ச்சொல்லாக இருந்தால், அங்கே மறுபடி பால் வந்துவிடும். விடை (ரெஸ்புவேஸ்தா) பெண்பால்; ‘விடை தெரியுமா?’ என்று கேட்டால் “ஸீ, லா ஸே” என்பதுதான் சரி.

செய்தியைக் குறிக்கும் இந்த லோவையும் ஆளைக் குறிக்கும் லாவையும் ஒரே பேச்சில் கேட்டுப் பார்த்தால் விஷயம் பிடிபடும். மெக்ஸிக்கோ நகரத்தில் வாடகைக்கு அறை எடுத்திருக்கும் ஒரு மாணவரும் அவருடைய நண்பரும் பேசிக்கொள்கிறார்கள் என்று வையுங்கள்.

“கொனோஸெஸ் அ கார்மென்?” (கார்மெனை உனக்குத் தெரியுமா?)
“நோ, நோ லா கொனோஸ்கோ.” (தெரியாது.)
“எஸ் லா டுவேன்யா டெ லா காஸா. நோ லோ ஸபீயாஸ்?” (அவர்தான் வீட்டுக்காரம்மா. உனக்குத் தெரியாதா?)
“நோ, நோ லோ ஸபீயா. கியேரோ கொனோஸேர்லா.” (தெரியாதே. அவரை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும்.)

பேச்சு முழுக்கக் கார்மெனைப் பற்றித்தான். ஆனாலும் ஆளைக் குறிக்கும்போது லா, ‘அவர்தான் வீட்டுக்காரம்மா’ என்ற செய்தியைக் குறிக்கும்போது லோ. தமிழில் பதில் சொல்பவர் இரண்டு முறையும் ‘தெரியாது’, ‘தெரியாதே’ என்று முடித்துவிடுகிறார். எது தெரியாது என்பதை நாம் சொல்வதே இல்லை. இந்தப் பழக்கத்தைத்தான் கொஞ்சம் விட வேண்டும். ஒரு குறிப்பிட்ட ஆளைப் பற்றிக் கேட்டதற்கு “ஸீ, கொனோஸ்கோ” என்று மட்டும் சொன்னால் வாக்கியம் பாதியில் நின்ற மாதிரி இருக்கும். லாவோ லோவோ சேர்த்தே சொல்லுங்கள். “நோ ஸே” மட்டும் விதிவிலக்கு, அது தனியாகவே நிற்கும். “நோ லோ ஸே” என்றும் சொல்லலாம். செய்முறை பற்றிய கேள்விக்கு (‘நீந்தத் தெரியுமா?’) லோ வராது. வெறும் “ஸீ” என்றாலே ஆயிற்று.

நான்காம் படி: முன்னாலா, பின்னால் ஒட்டியா?

இந்தப் படியில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். விகுதியோடு நிற்கும் வினைக்கு, அதாவது ஸே, கொனோஸ்கோ மாதிரியானவற்றுக்கு, குட்டிச் சொல் முன்னால் தனிச்சொல்லாக வரும். ‘இல்லை’ என்பதற்கான ‘நோ’ அதற்கும் முன்னால். “நோ லோ ஸே” சரி, “லோ நோ ஸே” தவறு. குட்டிச் சொல்லுக்கும் வினைக்கும் நடுவில் எதையும் நுழைக்க முடியாது. ‘எனக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே’ என்று சொல்ல “யா லோ ஸே”; இந்த ‘யா’வும் வெளியேதான் நிற்கிறது.

விகுதி ஏறாத மூல வடிவம் வந்தால், குட்டிச் சொல் அதன் வாலில் ஒட்டி ஒரே சொல்லாகிவிடும்: ஸபேர்லோ, கொனோஸேர்லா, கொனோஸேர்தெ. தமிழில் ‘அதை அறிய’, ‘அவளைச் சந்திக்க’ என்று செயப்படுபொருள் முன்னால்தான் வரும் என்பதால், இந்த ஒரு இடத்தில் நம் சொல்வரிசை நமக்கு உதவாது. காதைப் பழக்குவதுதான் வழி. “ஸின் ஸபேர்லோ” (தெரியாமலேயே), “பாரா கொனோஸேர்தெ மெஹோர்” (உன்னை இன்னும் நன்றாகத் தெரிந்துகொள்ள), “ஆன்தெஸ் டெ கொனோஸேர்லா” (அவளைச் சந்திப்பதற்கு முன்பு) என்ற மூன்றையும் துண்டு துண்டாகப் பிரிக்காமல், ஒரே மூச்சில் சொல்லிப் பழகுங்கள். ஸின், பாரா, டெ போன்ற முன்னிடைச் சொற்களுக்குப் பிறகு ஒட்டுவதைத் தவிர வேறு வழியே இல்லை.

இரண்டு வினைகள் சேர்ந்து வந்தால் உங்களுக்குத் தேர்வு உண்டு. ‘அதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்’ என்பதை “கியேரோ ஸபேர்லோ” என்றும் சொல்லலாம், “லோ கியேரோ ஸபேர்” என்றும் சொல்லலாம். ‘அவளைச் சந்திக்கப் போகிறேன்’ என்பது “வோய் அ கொனோஸேர்லா”, அல்லது “லா வோய் அ கொனோஸேர்”. பொருள் மாறாது. முன்னால் வைப்பது பேச்சில் சகஜம், ஒட்டி எழுதுவது எழுத்தில் கொஞ்சம் கூடுதல். புதிதாகக் கற்பவர்கள் ஒட்டும் வடிவத்தையே பிடித்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. ஏனென்றால் அது எல்லா இடத்திலும் செல்லும். முன்னால் ஏற்றும் வடிவம் சில வினைகளோடு செல்லாது. உதாரணத்துக்கு, ‘அதைத் தெரிந்துகொண்டாக வேண்டும்’ என்பது “ஐ கே ஸபேர்லோ” மட்டும்தான். லோவை முன்னால் கொண்டுபோக முடியாது. ‘உன்னைச் சந்திக்க எனக்கு ஆசை’ என்பது “மெ குஸ்தரீயா கொனோஸேர்தெ”. இதில் தெ தன் இடத்தைவிட்டு நகராது. மெ என்பது குஸ்தரீயாவுக்குச் சொந்தம், தெ என்பது கொனோஸேருக்குச் சொந்தம். எனக்கு, உன்னை: ஆளுக்கொரு வினை. எப்படியானாலும் இரண்டு வினைகளுக்கு நடுவில் லோவைத் தனியாக நிறுத்தி “கியேரோ லோ ஸபேர்” என்று சொல்லாதீர்கள்.

‘-கொண்டு’, ‘-ந்து’ என்று நாம் முடிப்பதற்கு இணையான வடிவத்திலும் இதே ஒட்டல் உண்டு: “கொனோஸியேந்தோலா” (அவளைப் பற்றித் தெரிந்திருப்பதால்), “ஸபியேந்தோலோ” (தெரிந்தே). எழுதும்போது ஒரு சின்ன வேலை சேரும். சொல் நீண்டுவிட்டாலும் அழுத்தம் பழைய இடமான ‘யே’ மேலேயே இருப்பதால், அந்த உயிரெழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு போட வேண்டும். கொனோஸேர்லாவுக்கு அது தேவையில்லை. ஒரு குட்டிச் சொல் ஒட்டினால் மூல வடிவத்துக்குக் கோடு வேண்டாம், இரண்டு ஒட்டினால் வேண்டும் என்று வைத்துக்கொண்டால் தவறாது.

ஏவலிலும் ஒட்டும். ஸபேர், கொனோஸேர் இரண்டையும் ஏவலாகப் பயன்படுத்தும் தேவை குறைவு. ஆனால் ஒன்று அன்றாடம் வரும்: “ஆஸ்மெலோ ஸபேர்”. ‘எனக்கு அதைத் தெரியப்படுத்து’ என்று அர்த்தம். ‘ஆஸ்’ என்றால் செய், ‘மெ’ எனக்கு, ‘லோ’ அதை. முதலில் எனக்கு, பிறகு அதை. இந்த வரிசை மாறாது. அலுவலகக் கடிதங்களில் இந்தத் தொடர் அடிக்கடி கண்ணில் படும்.

ஐந்தாம் படி: இறந்தகாலத்தில் பொருள் திரும்பும்

“லோ ஸபீயா” என்றால் அது எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. “லோ ஸூபெ” என்றால் அது எனக்குத் தெரியவந்தது. “லா கொனோஸீயா”, அவளோடு எனக்குப் பழக்கம் இருந்தது. “லா கொனோஸீ”, அவளை முதன்முதலாகச் சந்தித்தேன். ‘தெரிந்திருந்தது’, ‘தெரியவந்தது’ என்ற வித்தியாசம் தமிழில் கைவசம் இருக்கும்போது இந்தப் பாடத்துக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. தம்பதியரிடம் “டோந்தே ஸெ கொனோஸியேரோன்?” என்று கேட்டால், ‘நீங்கள் இருவரும் முதலில் எங்கே சந்தித்தீர்கள்?’ என்று பொருள். இதில் வரும் ‘ஸெ’ ஒருவரையொருவர் என்பதைக் குறிக்கிறது. நாங்கள் என்றால் “நோஸ் கொனோஸேமோஸ்”, எங்களுக்குள் அறிமுகம் உண்டு.

பேச்சில் ‘ஸெ’யும் ‘ஸே’யும் ஒரே மாதிரிதான் ஒலிக்கும். எழுத்தில் ‘நான் அறிவேன்’ என்பதன் மேல் மட்டும் சாய்கோடு இருக்கும். இங்கே நெடில் போட்டிருப்பது கண்ணுக்கு அடையாளம் தெரிவதற்காகத்தான்.

இனி வழியில் எதிர்ப்படும் சில விசேஷங்கள்

“மெ லோ ஸே டெ மெமோரியா” என்று ஒருவர் சொல்வதைக் கேட்டால், ‘மெ’ கூடாது என்று படித்தோமே என்று திகைக்க வேண்டாம். அது மனப்பாடம் என்பதைக் காட்டும் மெ. பாட்டு, தொலைபேசி எண், பரீட்சைப் பாடம் எல்லாம் தலைகீழாகத் தெரியும் என்னும்போது ஸபேரோடு இது சேரும். கவனித்துப் பாருங்கள், வினை ‘ஸே’தான், ‘ஸாபெ’ அல்ல. தெரிந்த ஆள் இப்போதும் விகுதிக்குள்ளேயே இருக்கிறார். ‘உனக்கு அந்தப் பாட்டு வருமா?’ “தெ ஸாபெஸ் லா கன்ஸியோன்?” ‘வரும்.’ “ஸீ, மெ லா ஸே.”

அவருக்கு எல்லாம் தெரியும் என்பது “லோ ஸாபெ தோதோ”. ‘தோதோ’ என்றாலே எல்லாம்தான், ஆனாலும் லோ கூடவே வரும். எல்லாம் தெரிந்த மாதிரி பேசுகிறவருக்கு ஸ்பானிஷில் ஒரு பெயர் உண்டு: ‘ஸபெலோதோதோ’. ஸாபெ, லோ, தோதோ மூன்றும் ஒட்டிய சொல். விகுதி ஏறிய வினைக்குப் பின்னால் லோ வரக்கூடாது என்று பார்த்தோம். இதில் பின்னால்தான் வருகிறது. பழைய ஸ்பானிஷில் அப்படியும் சொல்வார்கள். இன்றைய பேச்சில் அந்த வரிசை போய்விட்டது. எனக்கு இந்தச் சொல்லின் மேல் தனிப் பிரியம், பாடம் முழுவதும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது.

சுவை விஷயத்துக்கும் காரணம் உண்டு. ஸபேர் வந்தது ‘ஸபெரே’ என்ற லத்தீன் வினையிலிருந்து. சுவை இருத்தல், அறிவு இருத்தல் என்ற இரண்டு பொருளும் அதற்கு இருந்தன. இரண்டும் இன்றுவரை பிழைத்திருக்கின்றன. ஸபேரோடு ‘எனக்கு’ என்ற பொருளில் மெ வந்தால் காது சுவையின் பக்கம் போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஸ்பெயினில், முக்கியமாக மாட்ரிட் பக்கம், ஆணைக் குறிக்க லோவுக்குப் பதில் ‘லே’ போட்டு “லே கொனோஸ்கோ” என்பார்கள். ஓர் ஆணைக் குறிக்கும்போது இதை ஸ்பானிஷ் மொழிக் கழகமும் ஏற்கிறது. “என்கன்தாதோ டெ கொனோஸேர்லே” என்று மரியாதையாகச் சொல்வதும் காதில் விழும். கேட்டால் புரிந்துகொள்ளுங்கள். நீங்கள் பேசும்போது லோ, லா என்றே சொல்லுங்கள், எந்த நாட்டிலும் தவறாகாது. புவேனஸ் ஐரிஸ் போனால் ‘நீ’ வடிவம் மாறி “லோ ஸபேஸ்?”, “மெ கொனோஸேஸ்?” என்று அழுத்தம் கடைசிக்குப் போகும். மெ, லோ, தெ எதுவும் மாறாது, அவற்றின் இடமும் மாறாது.

பயிற்சி

கீழே இருப்பவற்றை முதலில் ‘அறிவேன், அறிவாய், அறிவார்’ அச்சில் மாற்றிவிட்டு, அப்புறம் ஸ்பானிஷில் சொல்லிப் பாருங்கள். விடைகளைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள்.

அவனுக்கு உன்னைத் தெரியாது.
அவர்களுக்கு என்னைத் தெரியும்.
எங்களுக்கு அது தெரியும்.
அவளை எங்கே முதலில் சந்தித்தாய்?
உங்களைச் சந்திக்க ஆசைப்படுகிறேன் (ஒரு பெண்மணியிடம், மரியாதையாக).
எனக்கு அது நேற்றுத்தான் தெரியவந்தது.

விடைகள்: “நோ தெ கொனோஸெ.” “மெ கொனோஸென்.” “லோ ஸபேமோஸ்.” “டோந்தே லா கொனோஸிஸ்தே?” “கியேரோ கொனோஸேர்லா”, அல்லது “லா கியேரோ கொனோஸேர்.” கடைசி, “லோ ஸூபெ அயேர்”. இதற்கு “லோ ஸபீயா” என்று சொல்லியிருந்தால் ஐந்தாம் படியை இன்னொரு முறை படியுங்கள். இரண்டாவதில் ‘லோஸ் கொனோஸ்கோ’ என்று வந்திருந்தால் முதல் படிக்கே போங்கள். அங்கே தெரிந்த ஆள் ‘அவர்கள்’, அவர்கள் விகுதியில்தான் இருக்க வேண்டும்.